பிசியா, கன்சோலா? எக்ஸ்க்ளூசிவ் கேம் பற்றி மதுரையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் சர்வீஸ் பார்ப்பதும் என் தொழில். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது, ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று வருகிறவர்கள் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் காலேஜ் விட்டு வந்து, வண்டியை ஓரம் கட்டி, "அண்ணே, ஒரு டவுட்டு" என்று ஆரம்பிக்கிற பையன்கள்தான் வெகுநேரம் நிற்பார்கள். டவுட்டு பெரும்பாலும் ஒன்றேதான்: இன்ன கேம் பிஎஸ்5-இல் மட்டும்தான் வருமாமே, அப்படியென்றால் பிசியில் போடுகிற காசு வீணா? (கன்சோல் என்பது டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டி. பிஎஸ்5 என்பது சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் 5.)

அவர்களுக்கு வாயால் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பிசி விற்கிறவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். வீட்டில் என் பிள்ளைகள் ஆடுவது பழைய பிஎஸ்4-இல். கன்சோல்தான் சரி என்று படுகிற இடத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்க்ளூசிவ் என்றால் சரியாக என்ன?

ஒரு கேமை ஒரே பெட்டிக்கு மட்டும் வெளியிடுவது. ஆனால் இந்த ஒரு சொல்லை மூன்று அர்த்தத்தில் புழங்குகிறார்கள், குழப்பம் அங்கேதான். என்றைக்கும் அந்தப் பெட்டியை விட்டு வராத கேம் ஒன்று. முதலில் அங்கே வந்து, சில மாதமோ சில வருடமோ கழித்து மற்ற இடங்களுக்கு வருவது இன்னொன்று. மூன்றாவதுதான் பையன்களை ஏமாற்றுவது: விளம்பரத்தில் "கன்சோல் எக்ஸ்க்ளூசிவ்" என்று போட்டிருந்தால் மற்ற கன்சோலில் வராது என்று மட்டுமே பொருள். பிசியில் அதே நாளில் வந்திருக்கும். பெட்டி வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ரகம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் புதுப்படம் மதுரை டவுன் தியேட்டரில் வரும். அலங்காநல்லூர், சோழவந்தான் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு அதே படப்பெட்டி பல மாதம் கழித்துத்தான் போகும். அவசரக்காரர்கள் பஸ் பிடித்து டவுனுக்கு வந்தார்கள், மற்றவர்கள் மணலைக் குவித்து உட்கார்ந்து பிறகு பார்த்தார்கள். படம் ஒன்றுதான், டிக்கெட் விலைதான் வேறு.

எக்ஸ்க்ளூசிவ் கேமுக்காக பிசி கன்சோலோடு போட்டி போடுகிறதா?

பெரும்பாலும் இல்லை. பிசிக்கு முதலாளி கிடையாது, காரணம் அவ்வளவுதான்.

பிஎஸ்5 சோனியின் பெட்டி. வெளிவந்த புதிதில் அதை நஷ்டத்துக்கே விற்றார்கள். 499 டாலர் மாடலில் நஷ்டம் நின்றுவிட்டது என்று சோனி சொன்னது 2021 ஆகஸ்டில். எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்று லாபம் பார்த்ததே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் அதே வருடம் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அப்புறம் எப்படிப் பிழைப்பு ஓடுகிறது? அந்தப் பெட்டியின் ஆன்லைன் கடையில் விற்கிற ஒவ்வொரு கேமிலும் வழக்கமாக 30 சதவீதம் பெட்டிக்காரருக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் நாலு பேரோடு ஆட வேண்டுமென்றால் சந்தா வேறு கட்ட வேண்டும். ஆள் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ஏழெட்டு வருடத்துக்கு வருமானம். உள்ளே கூட்டிவரப் போடுகிற தூண்டில்தான் எக்ஸ்க்ளூசிவ் கேம்.

இப்போது பிசியைப் பாருங்கள். பிராசஸர் ஒரு கம்பெனி, கிராபிக்ஸ் கார்டு இன்னொரு கம்பெனி, விண்டோஸ் மைக்ரோசாஃப்ட், கேம் விற்கிற ஸ்டீம் கடை வால்வ் கம்பெனியுடையது, எல்லாவற்றையும் ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் கொடுப்பது என்னை மாதிரி ஒருத்தன். பெரிய கேம் எடுக்க ஆகிற செலவு சாதாரணமில்லை. 2023-இல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் சரியாக மறைக்காமல் வெளியான சோனி ஆவணங்களின்படி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு சுமார் 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு சுமார் 21 கோடி டாலர். இத்தனை பணத்தைக் கொட்டி "இது பிசியில் மட்டும்தான்" என்று யார் எடுப்பார்கள்? ஒருவர் செலவு செய்ய, லாபம் பத்துப் பேருக்குப் பிரிந்து போகும்.

விதிவிலக்காக எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. 2020-இல் வால்வ் ஹாஃப்-லைஃப் அலிக்ஸை பிசியில், விஆர் கண்ணாடி (கண்ணில் மாட்டினால் கேமுக்குள்ளேயே நிற்கிற மாதிரி காட்டுவது) மாட்டி மட்டும் ஆடும்படி வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் அவர்கள் சொந்தமாக விஆர் கண்ணாடி விற்க ஆரம்பித்திருந்தார்கள். விற்பதற்குச் சொந்தமாக ஒரு பெட்டி இருக்கும் இடத்தில்தான் எக்ஸ்க்ளூசிவும் முளைக்கிறது.

அப்படியென்றால் சோனியே தன் கேமை பிசிக்கு ஏன் கொடுக்கிறது?

அந்த 22 கோடி டாலரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5 வாங்க நினைக்கிறவர்கள் கேம் வந்த முதல் வருடத்திலேயே வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேம் தூண்டிலாக வேலை செய்வது குறைந்துபோகும். அப்போது அதை பிசிக்கு மாற்றி விற்றால் புதிதாக எடுக்கிற செலவு இல்லாமல் இன்னொரு சுற்று வசூல். 2021-இல் நிக்ஸஸ் என்ற நெதர்லாந்து கம்பெனியை சோனி விலைக்கு வாங்கியது. கன்சோல் கேமை பிசிக்கு மாற்றித் தருவதில் கைதேர்ந்தவர்கள். அதற்கென்றே ஒரு கம்பெனியை வாங்கிப் போட்டபோது, இது ஒன்றிரண்டு கேமோடு நிற்காது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2-ஐ பிஎஸ்5-க்கும் பிசிக்கும் ஒரே நாளில் விட்டார்கள். அது நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் ஆடுகிற கேம். அந்த மாதிரி கேமுக்குக் கூட்டம்தான் உயிர். பாதிக் கூட்டத்தை வெளியே நிறுத்தினால் கேமே செத்துவிடும். தனியாக உட்கார்ந்து கதை ஆடுகிற கேமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் அவை தாமதமாக வருகின்றன.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். ஹொரைசன் ஸீரோ டான் பிஎஸ்4-இல் 2017 பிப்ரவரி, பிசியில் 2020 ஆகஸ்ட். காட் ஆஃப் வார் 2018 ஏப்ரலில் வந்தது, பிசிக்கு 2022 ஜனவரியில். ஸ்பைடர்மேன் 2018 செப்டம்பர், பிசிக்கு 2022 ஆகஸ்ட். கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2020 ஜூலை, பிசிக்கு 2024 மே. இவற்றில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம்தான் ரொம்ப இழுத்தது: 2020 ஜூனில் வந்தது பிசிக்கு வர 2025 ஏப்ரல் ஆகிவிட்டது, ஏறக்குறைய ஐந்து வருடம்.

இன்னொரு பக்கம் இடைவெளி சுருங்கியதும் உண்டு. காட் ஆஃப் வார் ராக்னராக் 22 மாதத்தில் வந்தது. ஸ்பைடர்மேன் 2 வர 15 மாதம்தான் ஆனது.

இது எழுதி வைத்த சட்டம் ஒன்றும் கிடையாது, சோனி நினைத்தால் மாற்றலாம். 2020-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் இன்னும் பிஎஸ்5-ஐ விட்டு நகரவில்லை, 2024-இல் வந்த அஸ்ட்ரோ பாட்டும் அப்படியே. காத்திருப்பதில் ஒரு நிஜமான நஷ்டமும் இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். கிளாஸில் எல்லோரும் ராக்னராக் முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு 22 மாதம் இருக்க முடியாது. கதை தெரிந்த பிறகு ஆடுவது வேறு அனுபவம். இது உங்களுக்குப் பெரிய விஷயம் என்றால் பிஎஸ்5 வாங்குங்கள்.

ஜிடிஏ வைஸ் சிட்டி எல்லாம் நாம பிசிலதானே ஆடினோம்? அப்ப எக்ஸ்க்ளூசிவ் இல்லையே?

இருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

வைஸ் சிட்டி பிஎஸ்2-இல் வந்தது 2002 அக்டோபர். பிசிக்கு 2003 மே. அதற்கு முந்தைய ஜிடிஏ 3-க்கும் ஏறக்குறைய அதே ஏழு மாத இடைவெளி. சான் ஆண்ட்ரியாஸ் 2004 அக்டோபரில் பிஎஸ்2-க்கு, 2005 ஜூனில் பிசிக்கு. அன்றைக்கு சோனியின் பெட்டியை உலகம் முழுக்க விற்றுக் கொடுத்ததில் அந்த ஏழெட்டு மாத இடைவெளிக்கு ஒரு பங்கு உண்டு.

நான் அதை ஆடியது சிம்மக்கல் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 15 ரூபாய். பிளைவுட் தடுப்பு, முன்னால் ஒரு சின்னத் திரைச்சீலை. மவுஸுக்குள் ரப்பர் உருண்டை இருக்கும். அது அழுக்கேறித் திக்கினால் திருகிக் கழற்றி, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கிற கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவோம். கீபோர்டில் நடக்கிற நாலு எழுத்தும் தேய்ந்து வெறும் பட்டனாகிவிட்டிருந்தது. மானிட்டர் ஓரத்தில் யாரோ ரூல் நோட்டுத் தாளைக் கிழித்து சீட் கோடெல்லாம் எழுதி ஒட்டியிருந்தார்கள். "பான்சர்" என்று அடித்தால் வானத்திலிருந்து விழுந்த மாதிரி பக்கத்தில் ஒரு டாங்கி வந்து நிற்கும். எட்டு சேவ் இடமும் அடுத்தவர்களால் நிரம்பியிருக்கும், நம்முடையதை யாராவது அழித்துவிட்டு அவர்களுடையதைப் போட்டிருப்பார்கள். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிப்போம், அதற்காக யாரும் அழவில்லை.

அது ஏழு மாதம் பழைய கேம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் எங்களுக்கு முன்னால் ஆடியவர் எவரும் எங்கள் தெருவில் இல்லை. எக்ஸ்க்ளூசிவ் வலிப்பது பக்கத்து வீட்டில் ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான். இன்றைக்கு யூடியூப் வந்த பிறகு உலகம் முழுக்கப் பக்கத்து வீடாகிவிட்டது. இப்போதைய பையன்களின் தவிப்பு எங்களுக்கு இருந்ததைவிட நிஜமாகவே அதிகம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த சென்டரில் இருந்தது திருட்டு சிடி. அன்று ஸ்டீமும் இல்லை, ரூபாய் விலையும் இல்லை. ஸ்டீமில் ரூபாயில் வாங்கும் வசதி 2015 நவம்பரில் வந்துவிட்டது. இன்றும் யாராவது கிராக் போட்டுத் தரச் சொன்னால் நான் செய்வதில்லை. அதோடு சேர்ந்து வருகிற வைரஸை எடுக்க அவர்கள் மறுபடி என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

எக்ஸ்பாக்ஸ் எக்ஸ்க்ளூசிவ் கேமுக்காக எக்ஸ்பாக்ஸ் வாங்கலாமா?

அதற்காக வேண்டாம். மைக்ரோசாஃப்ட் எடுக்கிற கேம்கள் பல வருடமாக பிசியிலும் அதே நாளில் வருகின்றன. ஃபோர்ஸா ஹொரைசன் 5, 2025-இல் பிஎஸ்5-க்கே போய்விட்டது. ஹேலோ முதல் பாகத்தைப் புதுப்பித்து பிஎஸ்5-க்கும் தரப்போவதாக அதே வருடம் அறிவித்தார்கள்.

ஹேலோவின் கதையை என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. 1999-இல் அதை மேடையில் அறிமுகப்படுத்தியவர் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் கணினியில் வரப்போகிற கேமாக. அடுத்த வருடம் அதை எடுத்துக்கொண்டிருந்த பங்கி கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2001-இல் எக்ஸ்பாக்ஸ் பெட்டியோடு அதன் எக்ஸ்க்ளூசிவாக ஹேலோ வந்தது, பிசிக்கு 2003-இல். கணினியில் பிறந்த கேமையே தூக்கிப் பெட்டிக்குள் பூட்டினார்கள். இப்போது அந்தப் பூட்டை அவர்களே கழற்றுகிறார்கள். அவர்கள் தொழில் இப்போது சந்தா விற்பது, பெட்டி எதுவாக இருந்தாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மாரியோ, ஸெல்டா?

பிசிக்கு வராது. இவற்றை எடுக்கிற நிண்டெண்டோ மட்டும்தான் இன்னும் பழைய கட்டுப்பாட்டில் நிற்கிறது. அவர்களுடைய பெட்டியான ஸ்விட்ச் நம் நாட்டில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. இங்கே கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு, ரிப்பேர் என்றால் வாரண்டி கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். எமுலேட்டர் (பெட்டியின் கேமை கணினியில் ஓட வைக்கிற மென்பொருள்) போட்டுத் தாருங்கள் என்பவர்களுக்கு: யூஸு என்ற ஸ்விட்ச் எமுலேட்டரை எடுத்தவர்கள் 2024 மார்ச்சில் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையைச் சாத்தினார்கள். நான் போட்டுத் தருவதில்லை.

பிசிக்கு மட்டுமே உரிய கேம் உண்டா?

நிறைய. யாரும் காசு கொடுத்துப் பூட்டியவை கிடையாது, அங்கேயே பிறந்து அங்கேயே இருப்பவை. இதைப் பற்றி என்னிடம் யாரும் நீளமாகக் கேட்பதில்லை, நான்தான் நீளமாகப் பேசுவேன்.

மவுஸ் என்ற ஒரு சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு படை வீரர்களைக் கட்டம் போட்டு இழுத்துப் பிடித்து, பாதிப் பேரைப் பாலத்துக்கும் மீதியைக் காட்டுக்கும் அனுப்புவதை கன்சோல் கட்டைவிரலால் சுலபமாகச் செய்ய முடியாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் 1999-இல் பிசிக்கு வந்தது. அதன் புதுப்பித்த பதிப்பு எக்ஸ்பாக்ஸுக்குப் போனது 2023-இல், பிஎஸ்5-க்கு 2025-இல். டோட்டா 2 இன்றும் கணினியில்தான். 2023-இல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-உம் அப்படியே. வேலரன்ட் 2020-இல் பிசிக்கு வந்து, நாலு வருடம் கழித்துத்தான் கன்சோலுக்குப் போனது. அங்கேயும் கன்சோல்காரர்கள் பிசிக்காரர்களோடு மோத முடியாதபடி தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், மவுஸ்காரன் எதிரில் நின்றால் ஆட்டம் நியாயமாக இருக்காது என்பதால்.

மாட் என்பது இன்னும் பெரிய விஷயம். விற்ற கேமைத் திறந்து, ஆடுகிறவர்களே மாற்றி எழுதுவது. ஹாஃப்-லைஃப் கேமை இரண்டு இளைஞர்கள் அப்படி மாற்றியதில் 1999-இல் பிறந்தது கவுன்டர்-ஸ்ட்ரைக். வார்கிராஃப்ட் 3-க்குள் ஆட்டக்காரர்கள் வரைந்த ஒரு மேப்தான் டோட்டா. ஆர்மா என்ற ராணுவ கேமுக்கு எழுதிய மாட்களின் வழியாக வந்தவர்தான் பிறகு பப்ஜியை உருவாக்கினார். நம் வீட்டுப் பையன்கள் மொபைலில் ஆடுகிற அந்தக் கூட்டுச் சண்டைக்கு மூலம், முன்பின் தெரியாத யாரோ கணினியைத் திறந்து கிளறிப் பார்த்ததில் இருக்கிறது. பூட்டிய பெட்டியில் இதற்கு இடம் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் பிசியின் நிஜமான எக்ஸ்க்ளூசிவ் இதுதான்.

வரிசை மாறுவதும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 2023 ஆகஸ்ட் 3 அன்று பிசியில் வந்தது. பிஎஸ்5-க்கு அடுத்த மாதம். எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆகிவிட்டது, அவர்களுடைய சின்னப் பெட்டியான சீரிஸ் எஸ்-இல் திரையை இரண்டாகப் பிரித்து ஆடும் வசதியை ஓட வைக்க முடியாமல் தவித்ததால்.

பிசிக்குள்ளேயே ஸ்டீம், எபிக் என்று அடித்துக்கொள்கிறார்களே?

ஆமாம், முதலாளி இல்லாத இடத்தில் கடைக்காரர்கள் உண்டு. எபிக் 2018 டிசம்பரில் கடை திறந்தது. ஸ்டீம் வழக்கமாக 30 சதவீதம் எடுக்கும்போது 12 சதவீதம்தான் எடுப்போம் என்றார்கள். பெரிய கேம்களைக் காசு கொடுத்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று தங்கள் கடைக்கு மட்டும் இழுத்தார்கள். மெட்ரோ எக்ஸோடஸ் ஒரு வருடம், பார்டர்லேண்ட்ஸ் 3 ஆறு மாதம். அன்று பெரிய சண்டையே நடந்தது. எனக்கு இதில் கோபம் இல்லை. இரண்டு கடையும் ஒரே கணினியில் இலவசமாகத் திறக்கும், வாரா வாரம் எபிக் ஒரு கேமாவது இலவசமாகத் தருகிறது. ஐம்பதாயிரம் கொடுத்து இன்னொரு பெட்டி வாங்கச் சொல்வதோடு இதை ஒப்பிட முடியாது.

லேட்டா வந்தாலும், பிசில ஒழுங்கா ஓடுமா?

எப்போதும் இல்லை. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் பிசிக்கு வந்த வாரம் ஒரு வாடிக்கையாளர் கேபினட்டைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைத்து. மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். முதல் திரையிலேயே "ஷேடர்" (ஒளியையும் நிழலையும் வரைய கார்டுக்கு வேண்டிய சின்ன புரோகிராம்கள்) தயார் செய்கிறேன் என்று சதவீதம் ஏறத் தொடங்கியது. இரண்டு டீ குடித்து முடித்தோம், அது பாதியைத் தாண்டவில்லை. பிராசஸர் மொத்தமும் அதில் மூழ்கி, ஃபேன் விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போட்டது. கார்டில் எந்தக் கோளாறும் இல்லை, கேம் அரைவேக்காட்டில் வந்திருந்தது. பிறகு பல அப்டேட் வந்து சரியானது.

கன்சோலில் இந்தத் தலைவலி குறைவு. ப்ரோ மாடலைத் தவிர, உலகம் முழுக்க எல்லா பிஎஸ்5-உம் ஒரே பிராசஸர், ஒரே கார்டு. பிசியில் ஆளுக்கொரு கூட்டணி. அதனால் பிசிக்கு வருகிற கன்சோல் கேமை முதல் நாளே வாங்காதீர்கள், இரண்டு மூன்று மாதம் போகட்டும். அதற்குள் ஓட்டையும் அடைபடும், விலையும் இறங்கும். அவசரப்பட்டு வாங்கிவிட்டால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஷேடர் ஓடுகிற நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும், கவனம்.

நம்ம ஊர் கரண்டுக்கும் வெயிலுக்கும் எது தாங்கும்?

இரண்டும் தாங்கும், பார்த்துக்கொண்டால். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். சொல்லாமல் போவதுதான் ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில் பல கேமிங் பிசிகள் அணைந்துவிடும். பிஎஸ்5-உம் அணையலாம், மறுபடி போட்டால் "சரியாக அணைக்கவில்லை" என்று சொல்லி ஸ்டோரேஜைச் சரிபார்க்கும். எதுவானாலும் ஒரு யுபிஎஸ் வையுங்கள். பிஎஸ்5 ஆடும்போது இழுப்பது ஏறக்குறைய 200 வாட், சின்ன யுபிஎஸ் போதும். பெரிய கார்டு போட்ட பிசி அதைப்போல இரண்டு மடங்குகூட இழுக்கும், அதற்கேற்ற யுபிஎஸ் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலைவிடத் தூசிதான் மதுரையில் எதிரி. மாவு மில்லுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர் ஒருவரின் பிசியைத் திறந்தபோது, ஃபேன் இறக்கையில் மாவு படிந்து, மழைக்கால ஈரத்தில் இறுகி, வெள்ளைப் பூச்சு மாதிரி ஆகியிருந்தது. ப்ளோயர் அடித்தும் போகவில்லை, பிரஷ்ஷால் ஒவ்வோர் இறக்கையாகச் சுரண்டினேன். பிசியில் அந்த வேலையைச் சுலபமாகச் செய்யலாம். கன்சோலைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்து ஆடுகிறார்கள், அதை முதலில் வெளியே எடுங்கள்.

உசிலம்பட்டி பக்கம் கிராமம். ஃபைபர் நெட் கிடையாது. எது வாங்கலாம்?

டிஸ்க் போடுகிற கன்சோல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிசி கேம் இப்போது டிஸ்க்கில் வருவது ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150 ஜிபி இடம் வேண்டும். ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் நெட்டை வைத்து எப்போது இறக்கி முடிப்பது? கன்சோலுக்கும் அப்டேட் உண்டு, ஆனால் டிஸ்க்கைப் போட்டாலே பெரும்பாலான கேம்கள் ஆடுகிற நிலைக்கு வந்துவிடும்.

ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். பிஎஸ்5 வந்த காலத்தில் சோனியின் பெரிய கேம் ஒன்று 4,999 ரூபாய். நாலு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு டிஸ்க் வாங்கிச் சுற்றில் விட்டால் வருடம் ஓடிவிடும். ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது. குடும்பத்தில் ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளும் வசதி வந்திருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் இடம் இல்லாத டிஜிட்டல் மாடலை மட்டும் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

பையன் ஸ்பைடர்மேனுக்காக பிஎஸ்5 கேட்கிறான். வாங்கித் தரலாமா?

மேலூரிலிருந்து ஒரு அப்பாவும் பத்தாவது படிக்கிற மகனும் வந்திருந்தார்கள். அப்பா நெல் அறுவடைப் பணத்தைப் பையிலேயே வைத்திருந்தார். "தம்பி, இவன் கேக்குறத வாங்குனா படிப்புக்கும் ஆகுமா?" என்று என்னைக் கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆகாது என்று சொன்னால் அவன் முகம் என்னாகும் என்று எனக்குத் தெரியும், ஆகும் என்றால் அது பொய்.

பையனிடம்தான் பேசினேன். "தம்பி, ஸ்பைடர்மேன் ரெண்டு பாகமும் பிசில வந்துருச்சு, தெரியுமா?" அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு பாகமும் ஓடுகிற பிசிக்கு பிஎஸ்5-ஐ விட அதிகம் ஆகும் என்பதையும் அப்பாவிடம் மறைக்கவில்லை. அதே தரத்தில் ஆட வேண்டுமென்றால் மானிட்டர் இல்லாமலே அறுபதாயிரத்தைத் தாண்டும். ஆனால் அதிலேயே பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் வேலை நடக்கும், மூன்று வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றலாம். அப்பா, "அண்ணன் சொல்றாருல்ல, யோசிச்சுச் சொல்லு" என்று முடிவை மகனிடம் விட்டுவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்து பிசிக்கு வந்தார்கள்.

வீட்டில் ஏற்கெனவே படிக்க நல்ல லேப்டாப் இருந்திருந்தால் நான் பிஎஸ்5 என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜிடிஏ 6 பிசிக்கு எப்போது?

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்கு 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் அறிவித்தது. அந்த அறிவிப்பில் பிசி இல்லை. ஜிடிஏ 5 2013 செப்டம்பரில் வந்து 2015 ஏப்ரலில்தான் பிசிக்கு வந்தது. ரெட் டெட் 2 ஒரு வருடத்தில் வந்தது. இதை மட்டும் நம்பி இப்போது புது கிராபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள். பிசி தேதி அறிவித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பிசி வாங்கியாச்சு. பழைய பிஎஸ்4-ஐ விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். இப்போது அதற்குக் கிடைக்கிற பணம் கொஞ்சம். 2015-இல் பிஎஸ்4-க்கு வந்த பிளட்போர்ன் இன்றுவரை பிசிக்கு வரவில்லை, புதுப்பித்தும் தரவில்லை. டிஸ்க் மாடல் பிஎஸ்5-இல் அதே டிஸ்க் ஓடும், இல்லையென்றால் பிஎஸ்4 வேண்டும். அதன் ஃபேனைக் கழற்றித் துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, டிவிக்குப் பக்கத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டு பிஎஸ்4-க்கு போன தீபாவளிக்கு முந்தின வாரம் நானே பேஸ்ட் மாற்றினேன், இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது.